இணையவழி வகுப்பில் கேமராவை ஆன் செய்யும்படி மாணவர்களைக் கட்டாயப்படுத்தலாமா?

கேள்வி: விரிவுரையாளர், இராமநாதபுரம்

அனைவருக்கும் வணக்கம். ஓர் இணையவழி முதுகலை வணிகவியல் படிப்பில் நிறுமக் கணக்கியல் (கம்பெனிகளின் கணக்கியல்) பாடம் நடத்திவருகிறேன். வாரத்தில் நான்கு நாட்கள், மாலை 6.30 முதல் 8.30 வரை நேரலை வகுப்பு. என்னிடம் படிக்கும் 43 பேரில் பெரும்பாலோர் தொண்டி முதல் சாயல்குடி வரையிலான நம் கடற்கரை ஊர்க்காரர்கள். பகலில் ஐஸ் கம்பெனியிலும் ஜவுளிக்கடையிலும் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்க உட்காருகிறவர்கள் பலர். வளைகுடா நாடுகளில் வேலை செய்துகொண்டே படிப்பவர்கள் ஐந்தாறு பேர். என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லி, உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

முதல் இரண்டு மாதங்கள் கேமராவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. திரை முழுவதும் கறுப்புக் கட்டங்களாக இருக்கும். அவற்றில் பாதியில் மாணவரின் பெயருக்குப் பதிலாகக் கைப்பேசியின் மாடல் பெயர்தான் இருக்கும். பெயரைச் சொல்லி அழைத்தாலும் பதில் வராது. ஒருநாள் ஒரு மாணவரை நான்கு முறை அழைத்த பிறகு அவருடைய மைக் திறந்தது. நடத்துநரின் விசில் சத்தமும், உச்சிப்புளி இறங்குகிறவர்களை அழைக்கும் குரலும் கேட்டன. இன்னொருவர் வகுப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று எனக்குக் கோபத்தைவிடப் பயமே அதிகமாக வந்தது. முதல் அகமதிப்பீட்டுத் தேர்வில் 19 பேர் பாதி மதிப்பெண்ணைக்கூடத் தொடவில்லை.

அதன் பிறகு, பருவத்தின் நடுவில், ஒரு திங்கட்கிழமை வகுப்பில் வாய்மொழியாக ஒரு விதியைச் சொன்னேன். எல்லோரும் கேமராவை ஆன் செய்ய வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் முகம் தெரியவில்லை என்றால் அன்றைய வருகை கிடையாது. படுத்துக்கொண்டோ, சாப்பிட்டுக்கொண்டோ, பயணம் செய்துகொண்டோ வகுப்பில் இருக்கக் கூடாது. முதல் வாரம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே போனது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யாருக்குப் புரியவில்லை என்பது புருவத்திலேயே தெரிந்தது. பதில்களும் வரத் தொடங்கின.

இரண்டாவது வாரத்தில் அது நடந்தது. மண்டபம் பக்கத்துக் கடலோரக் குடியிருப்பு ஒன்றிலிருந்து படிக்கும் ஒரு மாணவி, கேமராவை ஆன் செய்யாததால் அதுவரை மூன்று நாள் வருகையை இழந்திருந்தார். அன்று ஆன் செய்தார். வீடு என்பது ஒரே அறை. அவருக்குப் பின்னால் கொடியில் ஈரத் துணிகள், சுவரோரமாகச் சாக்கு மூட்டைகள், தரையில் உட்கார்ந்து கயிற்றை முடிந்துகொண்டிருந்த தாய், ஒரு பக்கமாகச் சுருண்டு படுத்திருந்த பாட்டி. நான் பாடத்தைத் தொடர்ந்தேன். வகுப்பு முடிந்த அரை மணி நேரத்துக்குள் யாரோ ஒருவர் அந்தத் திரையைப் படமெடுத்து, மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அந்த வீட்டைக் கேலி செய்து ஒரு வரியும் எழுதியிருக்கிறார். அதற்கு 14 பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து அந்த மாணவி வரவில்லை. நான் தொலைபேசியில் அழைத்தபோது தாய்தான் எடுத்தார். "படிக்க வேண்டாம்னு நாங்க சொல்லலை டீச்சர். வீட்டுக்குள்ள நாங்க இருக்குற இருப்பை ஊரே பார்க்கணுமா?" என்று கேட்டார். என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அழைப்பு முடிந்த பிறகும் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கேமராவைக் கட்டாயமாக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டா? இல்லையென்றால், திரைக்கு அப்பால் மாணவர் இருக்கிறாரா, பாடம் போய்ச் சேர்கிறதா என்பதை எப்படித்தான் அறிவது? படமெடுத்துப் பரப்பியவரை என்ன செய்வது? இதே நிலைமையைச் சந்தித்தவர்கள் எழுதினால் எனக்குப் பேருதவியாக இருக்கும்.


பதில்: உதவிப் பேராசிரியர், சாயல்குடி

அம்மா, வணக்கம். நான் 22 ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறேன். நீங்கள் எடுத்த முடிவு அடிப்படையில் சரியானது என்பதே என் எண்ணம். அது நிறைவேறிய விதத்தில்தான் பிழை நேர்ந்திருக்கிறது.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது நாங்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் கைப்பேசிக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்டோம். கறுப்புக் கட்டங்களைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசியவர்களுக்குத்தான் அந்தச் சோர்வு தெரியும். வகுப்பறையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டுத் திரும்பும்போது, முன் வரிசையில் இரண்டு முகங்கள் சுருங்கியிருந்தால் அதையே வேறு விதமாக மறுபடி சொல்வோம். முகம் தெரியாவிட்டால் அந்த இரண்டாவது விளக்கம் பிறப்பதே இல்லை. நஷ்டம் மாணவருக்குத்தான்.

ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஆண்டு என் வகுப்பில் முதலாமாண்டு மாணவர் ஒருவர் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கி உட்காருவார். நான்கு வகுப்புகளில் கவனித்த பிறகு அவருடைய தந்தையை அழைத்து, கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னேன். பள்ளிக் காலம் முழுவதும் கரும்பலகையைச் சரியாகப் பார்க்காமலேயே அந்தப் பையன் படித்து வந்திருக்கிறான் என்பது கண்ணாடி போட்ட பிறகுதான் வீட்டாருக்கே தெரிந்தது. கேமரா இல்லாவிட்டால் எனக்கு இது தெரிய வழியே இல்லை.

ஆகவே கேமரா வேண்டும். ஆனால் விதியைப் பருவம் தொடங்கும் முன்பே எழுத்தில் கொடுங்கள். பாதி வழியில் வாயால் சொல்லும் விதி, விதியாக நிற்காது. திரையில் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே வழக்கமாக்குங்கள். பின்னால் ஒரு போர்வையைக் கட்டிக்கொள்ளலாம், சுவரை ஒட்டி உட்காரலாம், விளக்கு முகத்துக்கு முன்னால் இருக்கட்டும் என்றெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நம் வேலைதான். உங்கள் விதியில் நான் ஏற்காதது ஒன்றே ஒன்று: முகம் தெரியாததற்காக வருகையைப் பறித்தது. வருகை என்பது தேர்வு எழுதும் தகுதியோடு கட்டப்பட்டது. அதை ஆயுதமாக எடுக்கக் கூடாது.

படமெடுத்தவரைக் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள்.


பதில்: மாணவி, பாம்பன் தெற்குவாடி

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். நான் உங்கள் மாணவி அல்ல. வேறோர் இடத்தில் இணையவழியில் இளங்கலை படிக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதிய வீட்டை வாசித்தபோது எங்கள் வீட்டைப் பார்ப்பது போலவே இருந்தது.

அந்தத் தாய் முடிந்துகொண்டிருந்த கயிறு என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எங்கள் பகுதியில் பெண்கள் கடல்பாசி வளர்க்கிறார்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை ஒன்றில் 20 கயிறுகள் கட்டப்படும். ஒவ்வொரு கயிற்றிலும் 20 இடங்களில் நாற்றுப்பாசியைக் கட்டிக் கடலில் விட்டால் 45 நாளில் அறுவடைக்கு வரும். அந்த 20 இடங்களிலும் பாசியைக் கட்டுவதற்கான சிறு நூலை முன்கூட்டியே முடிந்து வைப்பது வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை. மாலை நேரத்தில் அம்மாவோடு நானும் செய்வேன். வகுப்பு நடக்கும்போதும் செய்வேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கை தன் போக்கில் முடிச்சுப் போட, ஆசிரியர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சொன்னால் நம்புவீர்களோ தெரியாது: கையில் வேலை இருக்கும் நாட்களில்தான் பாடம் என் மனதில் நன்றாகப் பதிகிறது. ஆனால் கேமராவில் பார்க்கிறவருக்கு, நான் குனிந்து வேறெதையோ செய்துகொண்டிருக்கும் கவனமில்லாத மாணவி. எங்கள் ஆசிரியர் ஒருவர் அப்படிச் சொல்லி என்னை வகுப்பிலிருந்து நீக்கியிருக்கிறார். அதற்கு இரண்டு நிமிடம் முன்பு அவர் கேட்ட கேள்விக்கு விடை எழுதி அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி.

சாயல்குடி ஐயா போர்வையைக் கட்டச் சொல்கிறார்கள். ஐயா, நான்கு பேர் நடமாடும் ஒற்றை அறையில் போர்வையைக் கட்டினால் அந்தப் பக்கம் அடுப்பு, இந்தப் பக்கம் நான். மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால் அண்ணனும் வீட்டிலேயே இருப்பார். அவர் கைலியோடு குறுக்கே போகாமல் இருக்க வேண்டும் என்றால் இரண்டு மணி நேரம் வாசலில் நிற்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வாசலில் உட்கார்ந்தால் மணல்தான் பறந்து வந்து விழும். என் படிப்புக்காக வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒதுங்கி நிற்பது என்னை மிகவும் உறுத்துகிறது.

நாங்கள் கேமராவை வெறுக்கவில்லை. எதைக் காட்டுவது என்பது எங்கள் கையில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம். எங்கள் கணித ஆசிரியை முகத்தைக் கேட்பதே இல்லை; நோட்டைத்தான் கேட்பார். தண்ணீர் நிறைந்த குடத்தின் வாய் மேல் ஒரு தடித்த புத்தகத்தை வைத்து, அதன் மேல் கைப்பேசியைப் படுக்க வைத்து, பின்பக்க லென்ஸ் இருக்கும் முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு தள்ளிவிடுவேன். குடத்தில் தண்ணீர் இருந்தால்தான் சாயாமல் நிற்கும். கீழே நோட்டை விரித்து வைத்தால் என் கையும் எழுத்தும் மட்டும் திரையில் தெரியும். வீடு தெரியாது, அம்மா தெரியமாட்டார், நான் தூங்கவில்லை என்பது ஆசிரியைக்குத் தெரியும்.

அந்த அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: படிப்பை விட வேண்டாம்.


பதில்: கீழக்கரைக்காரர், துபாய்

அனைவருக்கும் ஸலாம். இதே போன்ற இணையவழிப் படிப்பில் நானும் இருக்கிறேன். நம் ஊர் 6.30 மணி என்பது இங்கே மாலை 5 மணி. பெரும்பாலான நாட்களில் கம்பெனி வண்டியில் அறைக்குத் திரும்பிக்கொண்டிருப்பேன். அறையில் என்னோடு சேர்த்து ஆறு பேர், அடுக்குக் கட்டில்கள். இரவு வேலைக்குப் போகிறவர் அப்போதுதான் உடை மாற்றிக்கொண்டிருப்பார். இந்த நாட்டில் ஒருவரை அவருடைய சம்மதமில்லாமல் படமெடுப்பதும் பரப்புவதும் தண்டனைக்குரிய குற்றம். 'கேமராவை ஆன் செய்யுங்கள்' என்று ஆசிரியர் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கும். குரலில் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள். நள்ளிரவில் உட்கார்ந்து பயிற்சிக் கணக்குகளை முடித்து அனுப்பவும் தயாராக இருக்கிறேன்.


பதில்: இணைய இணைப்புப் பணியாளர், உச்சிப்புளி

கண்ணாடி இழை இணைப்பும் செல்போன் டவர் பராமரிப்பும்தான் எனக்குத் தொழில். எல்லோரும் முகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். சிக்னலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

டவரின் ஆற்றல் பெரிது. கைப்பேசியின் ஆற்றல் அதற்கு முன்னால் மிகச் சிறிது. அதனால் டவருக்குத் தொலைவில் இருக்கும் வீட்டில், டவர் பேசுவது கைப்பேசிக்குக் கேட்கும், கைப்பேசி பேசுவது டவருக்குக் கேட்காது. மாணவருக்குப் பாடம் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும். அவருடைய வீடியோ மட்டும் மேலே ஏறாமல் உறைந்து நிற்கும். ஆசிரியர், மாணவர் சாக்குச் சொல்கிறார் என்று நினைப்பார். கடலோரக் குடியிருப்புகளில் தகரக் கூரை வேறு சிக்னலை இன்னும் குறைத்துவிடும். கேமராவை அணைத்த மறுநொடியே குரல் தெளிவாவதை எத்தனையோ வீடுகளில் நானே நின்று பார்த்திருக்கிறேன்.

செலவையும் கணக்குப் போடுங்கள். ஜூமில் தெளிவான வீடியோவை அனுப்ப நொடிக்கு 600 கிலோபிட் அளவுக்குக் குறையாமல் வேண்டும். குரலுக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். 600 என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு மணி நேரத்துக்கு 270 எம்பி, உங்கள் இரண்டு மணி நேர வகுப்புக்கு 540 எம்பி. இது அனுப்புவதற்கு மட்டும். மற்றவர்களின் முகங்கள் இந்தப் பக்கம் வந்து சேர்வதற்குத் தனிக் கணக்கு. குரல் மட்டும் என்றால் மணிக்கு 36 எம்பிக்குள் அடங்கும். தினம் 1.5 ஜிபி பேக் போட்டு, அதையே அண்ணன் தங்கை இருவரும் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகள் இங்கே நிறைய இருக்கின்றன. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா கார்டு கொடுத்ததே இந்தச் சுமையை உணர்ந்துதான். இன்று அந்த ஏற்பாடு இல்லை.

பாம்பன் தங்கை சொன்ன குடத்து வழி எனக்குப் பிடித்திருக்கிறது. பத்து நிமிடம் நோட்டைக் காட்டினால் 45 எம்பிதான் ஆகும். பொறுக்கக்கூடிய செலவு.


பதில்: கல்வியியல் ஆய்வாளர், தொண்டி

அம்மா, உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதைத்தான் உடனே செய்ய வேண்டும்.

அந்தப் படத்தைப் பரப்பிக் கேலி செய்ததை விளையாட்டுத்தனம் என்று யாரும் உங்களிடம் சொல்லி மழுப்ப இடம் கொடுக்காதீர்கள். ராகிங்கைத் தடுக்க 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த ஒழுங்குமுறைகளில், 2016இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. சாதி, மதம், நிறம், பாலினம், தோற்றம் ஆகியவற்றோடு, ஒருவருடைய இருப்பிடத்தையும் பொருளாதாரப் பின்னணியையும் காரணமாக வைத்து மனரீதியாகத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் ராகிங்தான் என்று அந்தத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1997இலேயே தனிச் சட்டம் உண்டு. உங்கள் நிறுவனத்தின் ராகிங் தடுப்புக் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மாணவியும் விரும்பினால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். சிரிப்புப் பொம்மை போட்ட 14 பேரைத் தண்டிப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் எதற்குச் சிரித்தார்கள் என்பதைப் பற்றி அவர்கள் ஒவ்வொருவரோடும் நீங்கள் தனித்தனியாகப் பேச வேண்டும்.

கேமராவுக்கு வருகிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் காஸ்டெல்லி, சர்வரி என்னும் இருவர் மாணவர்களிடம் கேமராவை ஏன் ஆன் செய்வதில்லை என்று கேட்டு, 2021இல் கட்டுரை வெளியிட்டார்கள். தம் தோற்றத்தைப் பற்றிய கவலையே முதல் காரணமாக வந்தது. பின்னால் இருக்கும் மனிதர்களும் இடமும் தெரிந்துவிடும் என்ற தயக்கமும், இணைய இணைப்பின் பலவீனமும் அதற்கு அடுத்தாற்போல் வந்தன. வசதி மிக்க பல்கலைக்கழகத்திலேயே நிலைமை இப்படி. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன், வீடியோச் சந்திப்பு ஏன் களைப்பைத் தருகிறது என்பதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். பல கண்கள் ஓயாமல் நெருக்கத்தில் நம்மையே பார்ப்பது போன்ற உணர்வு, நம் முகத்தை நாமே இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது, தலையசைப்பு போன்ற சைகைகளைக்கூட யோசித்துச் செய்ய வேண்டியிருப்பது ஆகியவை அவை. 103 ஊழியர்களை நான்கு வாரம் வைத்து நடத்தப்பட்ட இன்னோர் ஆய்வில், கேமரா ஆன் செய்யப்பட்ட நாட்களில் களைப்பு கூடியது. பெண்களுக்கும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அது இன்னும் கூடுதலாக இருந்தது. உங்கள் மாணவி பெண், வகுப்புக்கும் புதியவர்.

உரிமையைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. இதனால் எந்த வகுப்பிலும் கேமராவே கூடாது என்று ஆகிவிடாது. ஆனால் ஒருவருடைய வீட்டுக்குள் நுழையும் எந்த ஏற்பாட்டுக்கும் தக்க நோக்கம் இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் அது போகக் கூடாது என்ற அளவுகோல் அதில் இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் பதில் சொல்கிறவர் யார் என்று உறுதிசெய்ய முகம் தேவை. இரண்டு மணி நேரப் பாடத்தைக் கேட்பதற்கு அது தேவையா என்பதே கேள்வி. வகுப்பைப் பதிவு செய்கிறீர்களா, அந்தப் பதிவு யாரிடம் எவ்வளவு காலம் இருக்கிறது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.


பதில்: உதவிப் பேராசிரியர், சாயல்குடி

தொண்டி சகோதரி எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். போர்வையைப் பற்றிப் பாம்பன் மகள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அந்த ஆலோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒருபோதும் முகமே பார்க்காமல் இரண்டு ஆண்டு ஒரு மாணவருக்குப் பாடம் நடத்தி அனுப்புவதை என் மனம் ஏற்கவில்லை. பருவத்துக்கு ஒருமுறையாவது, ஒவ்வொருவரோடும் தனியாக, அவருக்கு வசதியான நேரத்தில், பத்து நிமிடம் முகம் பார்த்துப் பேசுங்கள். கண்ணாடி தேவைப்படும் பையன் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ.


கேள்வி கேட்டவர்: விரிவுரையாளர், இராமநாதபுரம்

எல்லோருக்கும் என் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், ஏனெனில் செய்துபார்க்காமல் எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

முதலில் பழைய விதியைத் திரும்பப் பெற்றேன். அதனால் வருகையை இழந்த 11 பேருக்கும் அதைத் திருப்பிக் கொடுத்தேன். பருவத்தின் நடுவில் வாய்மொழியாக விதி போட்டது என் தவறு என்று வகுப்பிலேயே சொன்னேன். படத்தைப் பரப்பியவர் மேல் ராகிங் தடுப்புக் குழுவில் எழுத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். விசாரணை நடக்கிறது என்பதால் அதைப் பற்றி இங்கே மேலும் எழுதுவது முறையாகாது. அந்த 14 பேரில் ஒன்பது பேரோடு இதுவரை பேசிவிட்டேன். அவர்களில் இருவர், தங்கள் வீடும் அப்படித்தான் இருக்கும் என்றும், யாரும் சந்தேகப்பட்டுவிடக் கூடாது என்றே தாங்களும் சிரித்ததாகவும் சொன்னார்கள்.

புதிய ஏற்பாட்டை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். திரையில் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வண்டி ஓட்டிக்கொண்டு வகுப்பில் இருக்கவே கூடாது. பயணத்தில் இருந்தால் பதிவைப் பிறகு கேட்டுக்கொண்டு பயிற்சியை மறுநாள் இரவுக்குள் அனுப்பலாம். பதிவு பருவம் முடியும் வரை மட்டும் இருக்கும், அதில் மாணவர்களின் கட்டங்கள் வராது. வகுப்பில் யாரையும் படமெடுக்கக் கூடாது. முகத்தைக் காட்டுவது அவரவர் விருப்பம். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம், நோட்டைக் காட்ட வேண்டும். இணைப்பு இல்லாதவர்கள் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு மட்டும் அனுப்பலாம்.

முதல் நாள் திரையில் 31 நோட்டுகள் தெரிந்தன. நிறும இணைப்பில் கொள்முதல் மறுபயனை, அதாவது ஒரு கம்பெனியை இன்னொன்று வாங்கும்போது கொடுக்கும் விலையை, நிகரச் சொத்து முறையில் (சொத்துகளிலிருந்து கடன்களைக் கழித்து) கணக்கிடும் பயிற்சியைக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது ஒரே பிழை திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது: 12 பேர் தொடக்கச் செலவுகளையும் (கம்பெனியைத் தொடங்க ஆன செலவுகளையும்) சொத்தோடு சேர்த்துக் கூட்டியிருந்தார்கள். அது ஏட்டில் மட்டும் இருக்கும் கற்பனைச் சொத்து, கழித்துவிட வேண்டியது என்று போன மாதமே சொல்லியிருந்தேன். அதைச் சொன்ன அன்று எல்லோருடைய கேமராவும் ஆனில்தான் இருந்தது, எல்லோருடைய முகமும் புரிந்தது போலத்தான் இருந்தது. அந்த இடத்திலேயே பாடத்தை நிறுத்தி மறுபடி நடத்தினேன்.

சாயல்குடி ஐயா சொன்ன பத்து நிமிடப் பேச்சையும் தொடங்கியிருக்கிறேன். வீட்டிலிருந்து முடியாதவர்கள் சனிக்கிழமைகளில் இராமநாதபுரத்துக்கு நேரில் வருகிறார்கள்.

அந்த மாணவியின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். பாம்பன் தங்கை எழுதியதை என் கைப்பேசியில் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினார். முடிச்சுக் கணக்கு சரிதான் என்று அந்த அம்மா சொன்னார். தண்ணீர்க் குடம் வேண்டாம், சாய்ந்தால் கைப்பேசி போய்விடும், மணல் நிரப்பிய டப்பா இருக்கிறது என்றும் சொன்னார். நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை வகுப்பில், 32ஆவது கட்டமாக ஒரு நோட்டு வந்தது. தேதி எழுதி, கோடு போட்டு, தொடக்கச் செலவுகளைச் சரியாக விலக்கியிருந்தார்.